லிமிடெட் பிறந்த கதை

கடை நொடித்தால் வீடும் சேர்ந்து போகும் என்பதை நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தன் பெயரில் மளிகைக் கடையோ லேத் பட்டறையோ நடத்துகிறவருக்குச் சட்டத்தின் கணக்கில் கடைப் பணம் வேறு, வீட்டுப் பணம் வேறு என்ற பிரிவே கிடையாது. கடைக்கு வாங்கிய கடன் அவருடைய கடன். கடையில் நடந்த விபத்துக்கு நஷ்டஈடு கொடு என்று வந்த தீர்ப்பும் அவர்மேல் வந்த தீர்ப்புதான். அதைக் கையில் வைத்துக்கொண்டு கோர்ட் அமீனா கடைக்கும் வரலாம், வீட்டுக்கும் வரலாம்.

வந்தால் எதை விட்டுவைப்பார்? 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், 60ஆம் பிரிவில், ஜப்தி செய்யக் கூடாத பொருள்களுக்கு ஒரு பட்டியல் போட்டிருக்கிறது. குடும்பத்துக்கு வேண்டிய உடுதுணி, சமையல் பாத்திரம், கட்டில், படுக்கை, கைத்தொழில் செய்பவரின் கருவிகள், சமய வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகை. நம் பக்கத்தில் அந்த நகை தாலி. விவசாயியோ கூலித் தொழிலாளியோ வீட்டு வேலை செய்பவரோ குடியிருக்கும் சொந்த வீட்டையும் தொடக் கூடாது என்கிறது அதே பிரிவு. கடைக்காரர் குடியிருக்கும் வீட்டுக்கு அந்தக் காவல் இல்லை. சீட்டுப் பிடித்து, நகையை அடகு வைத்து, தளம் தளமாகக் கட்டிய வீடு ஒரே வழக்கில் ஏலத்துக்கு வந்துவிடும்.

கூட்டு வியாபாரம் என்றால் ஆபத்து இன்னும் பெரிது. 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம், 25ஆம் பிரிவுப்படி, ஒவ்வொரு கூட்டாளியும் மொத்தக் கடனுக்கும் பொறுப்பு. கூட்டாளி கடைப் பெயரில் வாங்கிப் போட்ட சரக்குக்கு, அவர் கையில் ஒன்றும் இல்லையென்றால், உங்கள் வீட்டிலிருந்து வசூல் செய்யலாம். ‘மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டார்’, ‘ஐ.பி. போட்டுட்டார்’ என்று கடைத்தெருவில் காதோடு காதாகப் பேசப்பட்டு, ஊரை விட்டே கிளம்பிப் போன குடும்பங்கள் எத்தனையோ.

தொழிலுக்கும் வீட்டுக்கும் நடுவே சட்டம் எழுப்பிய சுவர்தான் ‘லிமிடெட்’. நீங்கள் கம்பெனியில் போட்ட முதல் போகலாம். அதற்கு மேல் உங்கள் சொத்தை யாரும் தொட முடியாது. இந்தச் சுவர் பெரிய ஆலைகளுக்கும் ரயில் கம்பெனிகளுக்கும் மட்டுமல்ல, பிள்ளைகளோடு சேர்ந்து தொழில் செய்யும் சாதாரண வியாபாரிக்கும் உரியது என்பது ஒரு வழக்கில்தான் உறுதியாயிற்று. அந்த வழக்கை நடத்தியவர் லண்டனில் பூட்ஸ் செய்து விற்றவர். வழக்கில் ஜெயித்த நாளில் அவர் கையில் ஒன்றுமே மிஞ்சியிருக்கவில்லை.

கடனாளிச் சிறையும் ராஜ சாசனமும்

கதை தொடங்குவது 1720இல். லண்டனில் தென்கடல் கம்பெனியின் பங்கு விலை கண்மண் தெரியாமல் ஏறி, அதே வேகத்தில் விழுந்த வருடம் அது. ‘குமிழிச் சட்டம்’ என்று பின்னால் பெயர் பெற்ற சட்டம் அந்த வருடம்தான் வந்தது. அரசரின் சாசனமோ நாடாளுமன்றத்தின் தனிச் சட்டமோ இல்லாமல் யாரும் பங்கு சேர்த்துக் கம்பெனி நடத்தக் கூடாது என்று அது தடுத்தது. 1825 வரை, நூறு வருடத்துக்கு மேல், அந்தத் தடை இருந்தது.

கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சாசனம் கிடைக்கும். கால்வாய் வெட்டுகிறவர்களுக்குத் தனிச் சட்டம் கிடைக்கும். ரொட்டிக் கடைக்காரருக்கும் தையல்காரருக்கும் யார் தருவார்கள்? அவர்களுக்கு வாய்த்தது கடனாளிச் சிறை. 1824இல் ஜான் டிக்கன்ஸ் என்ற குமாஸ்தா, ரொட்டிக் கடையில் வைத்த 40 பவுண்ட் சொச்சம் பாக்கிக்காக லண்டன் மார்ஷல்சி சிறையில் அடைக்கப்பட்டார். அந்த நாட்களில் அவருடைய 12 வயது மகன் சார்லஸ், ஷூ பாலிஷ் தயாரிக்கும் இடத்தில் புட்டிகளுக்கு லேபிள் ஒட்டிச் சம்பாதித்தான். பிற்காலத்தில் நாவல்களால் உலகப் புகழ் பெற்ற அந்த மகனின் எழுத்தில் கடனும் சிறையும் கடைசிவரை வந்துகொண்டே இருந்தன.

1844இல் வர்த்தக வாரியத்தின் தலைவராக இருந்த கிளாட்ஸ்டன் ஒரு கதவைத் திறந்தார். சாசனம் கேட்டுக் காத்துக் கிடக்க வேண்டாம். விவரங்களைப் பதிவாளரிடம் கொடுத்தால் யாரும் கம்பெனி தொடங்கலாம். ஆனால் கடனுக்கான பொறுப்பு பழையபடி முழுசாகவே இருந்தது. கம்பெனி மூழ்கினால் பங்கு வைத்திருந்தவரின் வீடு வாசலும் மூழ்கும்.

அடுத்த பத்து வருடமும் இங்கிலாந்தில் இதுதான் சண்டை. எதிர்த்தவர்களின் வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. வாங்கிய கடனைக் கடைசிக் காசுவரை அடைப்பதுதான் யோக்கியன் செய்கிற காரியம். லாபத்தில் முழுப் பங்கும் நஷ்டத்தில் சிறு பங்கும் என்றால் சூதாடிகள்தான் வியாபாரத்துக்கு வருவார்கள் என்றார்கள் அவர்கள். அடுத்தவர் பணத்தை நிர்வகிப்பவர்கள் தங்கள் பணத்தைப் போல அதைக் கண்ணும் கருத்துமாகப் பார்க்க மாட்டார்கள் என்று ஆடம் ஸ்மித் 1776லேயே எழுதியிருந்ததும் அவர்களுக்குத் துணை நின்றது.

ஆதரித்தவர்களில் ஒருவர் ஜான் ஸ்டூவர்ட் மில். நடுத்தர மக்களும் தொழிலாளிகளும் தங்கள் சேமிப்பை எதில் போடுவது என்று ஆராய 1850இல் அமைந்த நாடாளுமன்றக் குழுவின் முன் அவர் சாட்சி சொன்னார். பணக்காரர் ஒரு தொழிலில் தோற்றாலும் இன்னொன்றில் நிமிர்ந்துவிடுவார். சிறுகச் சிறுகச் சேர்த்தவர், மொத்தமும் போகும் என்ற பயம் இருக்கும்வரை எந்தத் தொழிலிலும் கை வைக்க மாட்டார். பொறுப்புக்கு ஒரு வரம்பு வைத்தால்தான் தொழில் பணக்காரர் வீட்டு வாசலைத் தாண்டி வெளியே வரும் என்பது அந்தப் பக்கத்தின் வாதம்.

1855 ஆகஸ்டில் சட்டம் நிறைவேறியது. 25 பேராவது சேர வேண்டும் என்றது முதல் சட்டம். அடுத்த வருடமே ராபர்ட் லோ கொண்டுவந்த சட்டம் அதை 7 பேராகக் குறைத்தது. எல்லாவற்றையும் தொகுத்து 1862இல் கம்பெனிச் சட்டம் வந்தது. வரம்பு கேட்கிறவர் ஒன்றைச் செய்தாக வேண்டும்: கம்பெனிப் பெயரின் கடைசியில் ‘லிமிடெட்’ என்று இருக்க வேண்டும். அலுவலக வாசல் பலகையிலும், கடிதத்திலும், பில்லிலும் அந்தப் பெயர் முழுதாகத் தெரிய வேண்டும். என் வீடு இதில் சேர்த்தி இல்லை என்று ஊரறியச் சொல்லிவிட்டு வியாபாரம் செய். தெரிந்தும் கடன் கொடுப்பவன் கொடுக்கட்டும். பேரம் இதுதான்.

வரம்பு இல்லாமலே நின்றவர்கள் என்ன ஆனார்கள் என்பதை 1878 காட்டியது. சிட்டி ஆஃப் கிளாஸ்கோ பேங்க் அந்த அக்டோபரில் கதவை மூடியது. அதன் பங்குதாரர்களின் பொறுப்புக்கு வரம்பே கிடையாது. வங்கியின் கடனை அடைக்க அவர்களைக் கொடு கொடு என்று நெருக்கியதில், 1,819 பங்குதாரர்களில் 254 பேர்தான் திவாலாகாமல் தப்பினார்கள். வங்கியின் கணக்கைப் பொய்யாக எழுதியவர்கள் இயக்குநர்கள். தெருவுக்கு வந்தவர்கள் அதில் பங்கு வாங்கி வைத்திருந்த குடும்பங்கள்.

வைட்சேப்பல் பூட்ஸ் முதலாளி

கிழக்கு லண்டனில் வைட்சேப்பல் ஹை ஸ்ட்ரீட். அங்கே ஏரன் சாலமன் என்பவர் தோல் வியாபாரமும் பூட்ஸ் உற்பத்தியும் செய்துவந்தார். கையில் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் ஆரம்பித்தவர். முப்பது வருடத்துக்கு மேல் அதே பேட்டையில் தொழில் செய்து பெரிய கிடங்குகளும் நல்ல பெயரும் சம்பாதித்திருந்தார். அரசுத் துறைகளுக்கும் பொது நிறுவனங்களுக்கும் பூட்ஸ் கொடுக்கும் கான்ட்ராக்ட்டுகள்தான் அவருடைய லாபத்தின் ஆணிவேர்.

அவருக்கு மனைவி, ஐந்து மகன்கள், ஒரு மகள். நான்கு மகன்கள் அப்பாவோடு தொழிலில் இருந்தார்கள். முப்பது வயதை ஒட்டியிருந்த மூத்தவர்தான் நடைமுறையில் மேனேஜர். ஆனாலும் அத்தனை பேரும் சம்பளக்காரர்கள்தான். தொழிலில் எங்களுக்கும் பங்கு கொடுங்கள் என்று அப்பாவை விடாமல் நச்சரித்தார்கள். அப்பாவும் பிள்ளைகளும் சேர்ந்து தொழில் நடக்கும் எந்த வீட்டிலும் கேட்கிற பேச்சு இது.

1892 ஜூலையில் சாலமன் தொழிலை லிமிடெட் கம்பெனியாக்கினார். சட்டம் 7 பேர் கேட்டது. அவர், மனைவி, மகள், நான்கு மகன்கள்: சரியாக 7. மற்ற ஆறு பேருக்கும் ஆளுக்கு ஒரு பங்கு. பங்கு ஒன்று ஒரு பவுண்ட். சாலமன் தன் தொழிலை ஏறக்குறைய 39,000 பவுண்டுக்குப் புதிய கம்பெனிக்கு விற்றார். அது கூடுதலான விலைதான். ஆனால் பங்குதாரர்கள் எல்லோரும் வீட்டார், எல்லோருக்கும் தெரிந்தே நடந்தது. விலையில் 20,000 பவுண்டுக்கு அவர் பங்காக எடுத்துக்கொண்டார். 10,000 பவுண்டுக்கு டிபென்ச்சர், அதாவது கம்பெனியின் சொத்துகள்மேல் முதல் பிடியுள்ள கடன் பத்திரம், வாங்கிக்கொண்டார். பழைய தொழிலின் கடன்களெல்லாம் பைசா பாக்கியில்லாமல் அடைக்கப்பட்டன. பின்னால் அவரை ஏமாற்றுக்காரர் என்றவர்கள் மறந்துபோனது இதைத்தான்.

கம்பெனி பிறந்த நேரம் சரியில்லை. பூட்ஸ் வியாபாரம் படுத்தது. தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒரே ஆளிடம் ஆர்டரைக் கொடுத்துவிட்டு வேலைநிறுத்தத்தில் மாட்டிக்கொள்ள வேண்டாம் என்று பொது நிறுவனங்கள் கான்ட்ராக்ட்டைப் பல கம்பெனிகளுக்குப் பிரித்துக் கொடுத்தன. கிடங்கு நிறைய சரக்கு. வாங்க ஆள் இல்லை. சாலமனும் மனைவியும் கம்பெனிக்குக் கடன் கொடுத்தார்கள். அதுவும் போதாமல், தன் டிபென்ச்சரை ப்ராடரிப் என்பவருக்கு மாற்றிக் கொடுத்து 5,000 பவுண்ட் புரட்டினார். அந்தப் பணத்தை அப்படியே கம்பெனியில் போட்டார். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நினைக்கும் ஆள் செய்கிற காரியமா இது? தொழிலைக் காப்பாற்ற நினைத்தவர் செய்தது.

ப்ராடரிப்புக்கு வட்டி போய்ச் சேரவில்லை. அவர் கோர்ட்டுக்குப் போனார். 1893 அக்டோபரில் கம்பெனி கலைப்புக்கு வந்தது. கிடைத்த விலைக்கு எல்லாவற்றையும் விற்றதில் ப்ராடரிப்பின் கடன் தீர்ந்தது. மிஞ்சியது ஆயிரம் பவுண்டுக்குச் சற்று மேல். மீதி டிபென்ச்சருக்கு உரியவர் என்ற முறையில் அதுவும் சாலமனுக்கே சேர வேண்டியது. சரக்கு கொடுத்துவிட்டுக் காத்திருந்த, எந்த ஈடும் வாங்காத மற்றவர்களுக்கு வர வேண்டியது 7,733 பவுண்ட். அவர்களுக்கு ஒரு பைசா கிடைக்காது.

அவர்கள் சார்பில் கலைப்பு அதிகாரி சாலமன்மேல் பாய்ந்தார். முதலில் விசாரித்த நீதிபதி வான் வில்லியம்ஸ், இந்தக் கம்பெனி சாலமனின் ஏஜென்ட் மட்டுமே, எனவே அதன் கடனை அவர்தான் கட்ட வேண்டும் என்றார். 1895இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இன்னும் கடுமையாகப் பேசியது. ஒரே ஆளின் தொழிலுக்கு ஆறு பொம்மைப் பங்குதாரர்களைச் சேர்த்து லிமிடெட் ஆக்குவது சட்டத்தின் நோக்கத்துக்கே விரோதம். கடன் கொடுத்தவர்களை ஏமாற்றுகிற உபாயம். முப்பது வருடம் நாணயமாகத் தொழில் செய்த மனிதருக்கு இரண்டு நீதிமன்றங்கள் கொடுத்த பட்டம் இதுதான்.

கடைசிப் படி பிரபுக்கள் சபை. அங்கே போக சாலமனிடம் பணம் இல்லை. ஏழை என்று மனுக் கொடுத்து, வறியவர்களுக்கான முறையில்தான் வழக்கை நடத்தினார். 1892இல் தொழிலை வெளியாருக்கு விற்றிருந்தால் 10,000 பவுண்டாவது கையில் வைத்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கக்கூடியவர் அவர்.

1896 நவம்பர் 16இல் தீர்ப்பு வந்தது. பிரபுக்கள் ஒருமனதாகக் கீழ்நீதிமன்றங்களின் தீர்ப்பைத் தள்ளினார்கள். ஹால்ஸ்பரி பிரபு கேட்ட கேள்வி நேரானது: கம்பெனி என்ற ஒன்று சட்டத்தில் இருக்கிறதா இல்லையா? இருக்கிறது என்றால், தொழில் அதனுடையது, கடனும் அதனுடையது. இல்லை என்றால், இல்லாத ஒன்று எப்படி சாலமனுக்கு ஏஜென்ட் ஆக முடியும்? சட்டம் 7 பேர் வேண்டும் என்றதே தவிர, அவர்கள் உறவினராக இருக்கக் கூடாது என்றோ, ஆளுக்கு இவ்வளவு பங்கு வைத்திருக்க வேண்டும் என்றோ சொல்லவில்லை. சொல்லாததை நீதிபதிகள் சேர்க்க முடியாது. சாலமன் செய்ததில் மோசடி ஏதுமில்லை என்றும் அவர்கள் தெளிவாகச் சொன்னார்கள். கம்பெனிச் சட்டம் படிக்கும் மாணவர்கள் சென்னையிலும் கொழும்பிலும் சிங்கப்பூரிலும் இன்றும் படிக்கிற முதல் வழக்கு இதுதான்.

சரக்கு கொடுத்தவரின் பக்கம்

சாலமனின் பக்கம் நியாயம் இருந்தது. தோலும் நூலும் கடனுக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியவர்களின் பக்கமும் நியாயம் இருந்தது. தீர்ப்பு எழுதிய பிரபுக்களில் ஒருவரான மெக்னாட்டனுக்கே அது உறுத்தியது. கம்பெனியின் சொத்து மொத்தத்தையும் ஒரே டிபென்ச்சர் சுருட்டிக்கொண்டு போவது பெரிய அவலம் என்று அவர் கருதினார். ஆனால் அதைத் திருத்த வேண்டியது நாடாளுமன்றம்.

நாடாளுமன்றம் திருத்தவும் செய்தது. 1897இல் ஒரு சட்டம் வந்தது: கம்பெனி திவாலானால், சொத்து மொத்தத்தின்மேலும் பொதுவாகப் பிடி வைத்திருக்கும் டிபென்ச்சர்காரருக்கு முன்னால் தொழிலாளிகளின் கூலி பாக்கியைக் கொடுக்க வேண்டும். 1900இல் இன்னொரு சட்டம்: அப்படிப்பட்ட பிடிகளைப் பதிவாளரிடம் பதிய வேண்டும். கம்பெனியின் சொத்து யாருக்கு ஏற்கெனவே அடகு என்பதைக் கடன் கொடுக்கும் முன் எவரும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். 1907இல் ‘பிரைவேட் கம்பெனி’ தனி வகையாக வந்தது. இரண்டு பேர் இருந்தால் போதும். சாலமன் கம்பெனி தொடங்கிய அதே 1892இல் ஜெர்மனியும் சிறு, நடுத்தரத் தொழில்களுக்காகவே ஒரு தனி லிமிடெட் கம்பெனி வகையை உருவாக்கியிருந்தது. நாட்டுக்கு நாடு ஒரே தேவை எழுந்திருக்கிறது.

வீட்டை விட்டுவிடு, பதிலுக்குக் கணக்கைக் காட்டு. அன்றாடக் கூலிக்காரனை முதலில் கவனி. சுவருக்கு இப்படித்தான் விலை நிர்ணயமாயிற்று.

சென்னை கண்ட பாடம்

சுவர் இல்லாவிட்டால் கடன் கொடுத்தவருக்குப் பாதுகாப்பு அதிகம் என்று நினைக்கிறவர்களுக்கு 1906இல் மதராஸ் பதில் சொன்னது. அந்த அக்டோபர் 22ஆம் தேதி ஆர்பத்நாட் கம்பெனி வீழ்ந்தது. நூறு வருடப் பெருமை கொண்ட நிறுவனம். பேர்தான் கம்பெனி, உண்மையில் சில வெள்ளைக்காரக் கூட்டாளிகளின் கூட்டு வியாபாரம். அவர்களுடைய பொறுப்புக்கு வரம்பே இல்லை. துரைமார் சொத்து முழுதும் ஈடாக நிற்கிறது, இதைவிடப் பத்திரம் எது என்று வக்கீல்களும் பென்ஷன்காரர்களும் விதவைகளும் சேமிப்பைக் கொண்டுபோய்ப் போட்டார்கள். கூட்டு வியாபாரம் என்பதால் கணக்கை ஊருக்குக் காட்ட வேண்டிய அவசியம் அதற்கு இருக்கவில்லை. உள்ளே ஓட்டை விழுந்தது வெளியே தெரியவே இல்லை. முக்கியக் கூட்டாளியான சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. போட்டவர்களின் பணம் பெரும்பாலும் திரும்பவில்லை.

வரம்பில்லாத பொறுப்பு அவர்களைக் காப்பாற்றவில்லை. காப்பாற்றியிருக்கக்கூடியது, பதிவாளரிடம் கிடக்கும் திறந்த கணக்கு. அடுத்த வருடமே வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று தொடங்கிய இந்தியன் பேங்க், நம்மவர்கள் பங்கு வாங்கிய லிமிடெட் கம்பெனியாகப் பிறந்தது.

அதே 1906இல் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனார் தொடங்கிய சுதேசி நாவாய்ச் சங்கமும் பதிவு பெற்ற கம்பெனிதான். பங்கு ஒன்று 25 ரூபாய். வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனியோடு மோதுகிற, எப்போது வேண்டுமானாலும் மூழ்கக்கூடிய ஒரு தொழிலில் சாதாரண வியாபாரிகள் துணிந்து பணம் போட முடிந்தது. தேசப்பற்று ஒரு காரணம். போனால் 25 ரூபாயோடு போகும், வீடு போகாது என்பதும் ஒரு காரணம்.

நம் நாட்டுக்குச் சுவர் வந்தது 1857இல். 1850இல் வந்த முதல் கம்பெனிச் சட்டம் பதிவுக்கு மட்டும் வழி செய்தது. 1857 சட்டம்தான் பொறுப்புக்கு வரம்பு வைத்தது. கம்பெனி வேறு, அதில் பங்கு வைத்திருப்பவர் வேறு என்பதைக் கல்கத்தா உயர் நீதிமன்றம் சாலமன் வழக்குக்குப் பத்து வருடம் முன்பே, 1886இல் கொண்டோலி டீ கம்பெனி வழக்கில் சொல்லிவிட்டது. தேயிலைத் தோட்டக்காரர்கள் தங்கள் தோட்டத்தைத் தங்களுடைய கம்பெனிக்கே மாற்றிவிட்டு, கை மாறவே இல்லையே, முத்திரைக் கட்டணம் எதற்கு என்று கேட்டார்கள். கம்பெனி வேறு ஆள், கட்டணத்தைக் கட்டுங்கள் என்றது கோர்ட்.

இரண்டு பேர் வேண்டும் என்ற விதியால் நம் ஊரில் எத்தனையோ பிரைவேட் லிமிடெட் கம்பெனிகளில் மனைவி பெயரிலோ அம்மா பெயரிலோ சில பங்குகள் இருக்கும். வருடா வருடம் ஆடிட்டர் கொண்டுவரும் தாள்களில் அவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். சாலமன் வீட்டு ஆறு பேரும் செய்தது அதைத்தான். ஜே.ஜே. இரானி குழு 2005இல் பரிந்துரைத்ததை ஏற்று, 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் ‘ஒருநபர் கம்பெனி’யை அனுமதித்தது. ஒரே ஆள் பங்குதாரராக இருக்கலாம். அவருக்குப் பின் யார் என்று ஒரு வாரிசு நியமனம் மட்டும் வேண்டும். இதற்கிடையில், கூட்டாளிகளுக்கு வரம்பு தரும் எல்.எல்.பி. முறையும் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்துவிட்டது.

சுவர் நிற்காத இடங்கள்

சுவரைக் கெட்ட எண்ணத்தோடு பயன்படுத்தினால் நீதிமன்றமே அதை இடிக்கும். பழைய முதலாளியின் வாடிக்கையாளர்களை இழுக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, கம்பெனி ஒன்றைத் தொடங்கி அதன் மறைவில் இழுத்தவரை 1933இல் இங்கிலாந்து நீதிமன்றம் தடுத்தது. விற்பதாக ஒப்பந்தம் போட்ட வீட்டைக் கொடுக்க மனமில்லாமல் கம்பெனி பெயருக்கு மாற்றியவரையும் 1962இல் விடவில்லை. தொழிலாளர்களுக்குப் போனஸ் குறைய வேண்டும் என்பதற்காகவே துணைக் கம்பெனி தொடங்கி வருமானத்தை அங்கே திருப்பிய நிறுவனத்தின் திரையை நம் உச்ச நீதிமன்றம் 1985இல் விலக்கிப் பார்த்தது.

ஆனால் எல்லா வழக்கும் இவ்வளவு தெளிவாக இருப்பதில்லை. நியூயார்க்கில் கார்ல்ட்டன் என்பவர் பத்துக் கம்பெனிகள் வைத்திருந்தார். ஒவ்வொன்றின் பெயரிலும் இரண்டே டாக்ஸி. ஒவ்வொரு டாக்ஸிக்கும் சட்டம் கேட்ட குறைந்தபட்சக் காப்பீடு, 10,000 டாலர், மட்டும். டாக்ஸி ஒன்றில் அடிபட்டவர், இதெல்லாம் ஒரே தொழில், மொத்தமாகச் சேர்த்துப் பாருங்கள் என்று கேட்டார். தொழிலைப் பிரித்து வைத்தது மட்டும் மோசடி ஆகாது என்று 1966இல் நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பான்மையாகச் சொன்னது. காப்பீடு போதாதென்றால் சட்டமன்றம் கூட்டட்டும் என்றது. நீதிபதி ஒருவர், தெருவில் வண்டி ஓட்டுகிறவன் அடிபடுகிறவனுக்கு ஈடுகட்டும் முதல் வைக்காமல் இந்தச் சலுகையைக் கேட்பது முறையல்ல என்று மாறுபட்டு எழுதினார். என் மனம் அந்த மாறுபட்ட நீதிபதியின் பக்கம். சரக்கு கொடுத்தவர் பலகையைப் பார்த்துக் கொடுத்தார். சாலையில் நடந்து போனவர் எந்தப் பலகையையும் பார்க்கவில்லை.

நம் ஊரில் சுவரை இடிப்பவர் பெரும்பாலும் முதலாளியேதான். வங்கியில் கடன் கேட்டால் இயக்குநரின் சொந்த ஜாமீன் கேட்பார்கள். கையெழுத்துப் போட்ட அந்த நிமிடமே அந்தக் கடனுக்கு வீடு திரும்பவும் ஈடாகிவிடுகிறது. இப்படி ஜாமீன் நின்றவர்கள்மேல் திவால் நடவடிக்கை எடுக்கலாம் என்பதை 2021இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. கம்பெனி கொடுத்த செக் திரும்பி வந்தால், நிர்வாகப் பொறுப்பில் இருந்தவர்மேலும் கிரிமினல் வழக்கு வரும். பிரைவேட் கம்பெனி ஜி.எஸ்.டி.யோ வருமான வரியோ பாக்கி வைத்து அதை வசூலிக்க முடியாமல் போனால், தன் கவனக்குறைவால் வந்ததல்ல என்று நிரூபிக்காத இயக்குநரிடம் கேட்கலாம். கடன் கொடுத்தவரை ஏமாற்றும் நோக்கத்தோடு தொழில் நடத்தியது தெரிந்தால், தெரிந்தே அதில் பங்குகொண்டவரின் பொறுப்புக்கு வரம்பே இல்லை. தன் கையால் செய்த தவறுக்கும் சுவர் உதவாது: கம்பெனி லாரியை நீங்களே ஓட்டி ஒருவரை இடித்தால், வழக்கு கம்பெனிமேலும் வரும், உங்கள்மேலும் வரும்.

எனவே சிறு தொழில் செய்கிறவர் கம்பெனியைப் பதிவு செய்ததோடு காரியம் முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. கம்பெனிக்குத் தனி வங்கிக் கணக்கு. மகள் கல்யாணத்துக்கு அதிலிருந்து எடுப்பதாக இருந்தால், சம்பளமாகவோ டிவிடெண்டாகவோ எடுத்து எழுதி வைக்க வேண்டும். பில், ரசீது, ஒப்பந்தம் எல்லாவற்றிலும் கம்பெனியின் முழுப் பெயர். கையெழுத்துக்குக் கீழே ‘இயக்குநர்’ என்ற முத்திரை. வருடக் கணக்கைக் கெடு தவறாமல் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முதலில், தொழிலுக்குத் தகுந்த காப்பீடு. வழக்கு வந்தால் முதலில் தாங்குவது அதுதான். பாதிக்கப்பட்டவர் கையில் உண்மையில் பணம் போய்ச் சேருவதும் அதனால்தான். ஜாமீன் கேட்கும் வங்கியிடம், பிணையில்லாக் கடனுக்கான அரசின் கடன் உத்தரவாதத் திட்டம் உங்களுக்குப் பொருந்துமா என்று கேட்டுப் பார்க்கலாம். கேட்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

வீட்டைப் பணயம் வைக்காமல் தொழில் தொடங்க நினைப்பது கோழைத்தனமும் இல்லை, ஏமாற்றும் இல்லை. கடனுக்காகச் சிறைக்குப் போனவர்களையும் ஒரே வங்கியால் தெருவுக்கு வந்த குடும்பங்களையும் பார்த்த பிறகு, சமூகம் யோசித்து ஏற்படுத்திய உரிமை அது. அதில் சிறு வியாபாரிக்கும் பங்கு உண்டு என்பதைத் தன் எல்லாவற்றையும் இழந்த பிறகும் வாதாடி நிலைநாட்டினார் சாலமன். அந்த உரிமையைக் கேட்டு வாங்குங்கள். வாங்கிய பிறகு, உங்களை நம்பிச் சரக்கு கொடுத்தவருக்கும் உங்களிடம் கூலிக்கு வந்தவருக்கும் கணக்கைத் திறந்து காட்டி, கொடுக்க வேண்டியதைக் காலத்தில் கொடுங்கள். கடன் கொடுத்தவர்களும் உழைத்தவர்களும் இந்த ஏற்பாட்டை நியாயம் என்று ஏற்பது அந்தக் கடமையை நாம் செய்யும்வரைதான்.